எட்டடி கார் ஷெட்

என் காருக்கு ஷெட் கட்டி முடிக்கும்வரை அந்தக் காரை நான் ஓட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரர் உத்தரவு போட்டார். கார் என் சம்பளத்தில் வாங்கியது. லைசென்ஸும் நானே எட்டுப் போட்டு வாங்கியது. உத்தரவு மட்டும் அவருடையது. அவர் போலீஸில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றது. உத்தரவு போடும் வாய் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வீடு ராஜபாளையத்தில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தேன். காலை நேரத்து பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக இடம் கேட்டால் மற்றவர்களை முறைப்பார்கள். என்னைப் பார்த்தால் மட்டும் பேசாமல் நகர்ந்து கொடுப்பார்கள். அப்படி ஒரு உடம்பு எனக்கு. ஒட்டடைக் கம்புக்குச் சேலை சுற்றினாற்போல இருக்கிறேன் என்று என் நாத்தனார் கல்யாணப் பந்தியிலேயே சொன்னார். இன்றுவரை அந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு மழை நாளில், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டோடு பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் எதிர்காலம். அன்றைக்கு வந்த கோபத்தில் நேராகப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பள்ளி விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் என் மாணவிகள் கையசைத்து வழியனுப்ப, 'எல்' போர்டு வண்டியில் தேரை இழுக்கிற வேகத்தில் ஊர்வலம் போனேன். கற்றுக்கொண்டும் விட்டேன். பிறகு ஒரு சின்னக் கார் வாங்கினேன்.

கார் வீட்டு வாசலுக்கு வந்த அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சம்பவ இடத்தைப் பார்வையிடும்போது அப்படித்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"யாரு ஓட்டப் போறா?"

"நான்தாங்க."

"எங்க?"

"ஸ்கூலுக்கு."

"மதுரை ரோட்டுலயா?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேற ரோடு போட்டிருக்காங்களா?"

அவர் டயரை ஒரு முறை காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "மொதல்ல வண்டிக்கு ஒரு ஷெட்டு வேணும்" என்றார்.

காரணங்கள் வரிசையாக வந்தன. எங்கள் தெரு முடிகிற இடத்தில் தோப்பு தொடங்குகிறது. அங்கிருந்து மயில் வரும். பளபளப்பான கார்க் கதவில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, வேறொரு மயில் சண்டைக்கு நிற்கிறது என்று கொத்து கொத்தென்று கொத்தும். குரங்கு வந்தால் வைப்பரைப் பிடுங்கும். கவர் போட்டு மூடலாமே என்றேன். கவருக்குள் பாம்பு ஏறும் என்றார். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஷெட்டு முடியட்டும். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒருக்க நான் ஸ்டார்ட் பண்ணி வைக்கேன். முடிஞ்ச பொறவு நானே உன்னக் கொண்டு போயி விடுதேன். சாயந்தரம் வந்து கூட்டிட்டு வாரேன்."

விஷயம் இதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதுபோல, தினமும் என் காரிலேயே என்னை ஏற்றி இறக்குவதாகத் திட்டம். இதற்காகவா நான் கிளட்சோடு அவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன்? ஷெட் முடிகிற அன்றைக்கு சாவி என் கையில்தான் இருக்கும் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டு, "சரிங்க" என்றேன்.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் சின்னதாக ஒரு தோட்டம் உண்டு. ஒரு முருங்கை, நாலு வாழை, கறிவேப்பிலை, நடுவில் ஒரு சப்பட்டை ரக மாமரம். மாமரத்துக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் இடையில் இருந்த இடம்தான் காருக்கு என்று முடிவானது. காம்பவுண்ட் சுவரை ஒட்டி போர் மோட்டார் ஒன்று குட்டி மேடை மேல் உட்கார்ந்திருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

செட்டியார்பட்டியிலிருந்து கொத்தனார் வந்தார். இடத்தைப் பார்த்துவிட்டு, நாலு பைப்பை நட்டு மேலே தகரம் போட்டுவிடலாம், சீக்கிரம் முடியும் என்றார்.

"நாலு பைப்பும் ஒரு தகரமுமா? அப்படி நிப்பாட்டினா ரிட்டையர்டு ஆன நானே திருடிருவேன்" என்றார் என் வீட்டுக்காரர். ஆகவே மூன்று பக்கம் சுவரும் முன்னால் ஷட்டரும் என்று தீர்மானம் ஆனது. ஒரு காருக்கு மாவட்டக் கருவூலம் தயாரானது.

கொத்தனார் டேப்பை நீட்டினார். சுவருக்குச் சுவர் உள்ளளவு ஒன்பதடி தாராளமாக வந்தது. அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் கோழிக்கூடு கட்டினாலும் மனையடி பார்க்காமல் கட்ட மாட்டார்கள். எத்தனை அடி அகலம் இருந்தால் குடும்பம் தழைக்கும், எத்தனை அடி இருந்தால் கஷ்டம் வரும் என்பதெல்லாம் கொத்தனாருக்கு மனப்பாடம்.

"ஆறு நல்லதுய்யா. ஏழு ஆகாது. எட்டு நல்லது. ஒம்பது ஆகவே ஆகாது. பத்து ரொம்ப நல்லது. மரத்த எடுத்துட்டா பத்து வந்திரும்."

மரத்தை எடுக்கிற பேச்சே கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சீசன் வந்தால் அந்த மரத்துப் பழத்தைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, தான் வேலை பார்த்த ஸ்டேஷனுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது அவர் வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அவர் போன் செய்தால் எடுக்கிறார்கள் என்றால், அதில் மாமரத்துக்கும் பங்கு உண்டு.

"அப்போ எட்டுதான்" என்றார் கொத்தனார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மனுஷன் குடியிருக்கிற வீட்டுக்குத்தானே இந்த அளவெல்லாம்? காருக்கு என்னத்துக்கு?"

கொத்தனார் பதறிப் போனார். "என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? வீட்டுல அளவு தப்புனா வயித்துவலி, காய்ச்சல்னு போயிரும். வண்டி நிக்கிற எடத்துல தப்புனா ரோட்டுல வச்சுல்லா காட்டும்?"

என் வீட்டுக்காரர் முகம் மாறியது. ராகுகாலத்தில் கைது செய்து எமகண்டத்தில் ரிமாண்ட் பண்ணிய மனிதர் அவர். நாள் நட்சத்திரத்தை என்றைக்கும் மதித்ததில்லை. அன்றைக்கு மட்டும், "எட்டே இருக்கட்டும். ஒரு விரக்கடை கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றார். இவருக்கு எப்போதிலிருந்து இந்தப் பக்தி வந்தது என்று நான் வியந்தேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை.

பிறகு அவரே டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரை அளந்தார். அகலம் ஐந்தரை அடி. "ரெண்டரை அடி மிச்சம்ட்டி! பக்கத்துல பைக்கையும் நிப்பாட்டலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மோட்டார் மேடையை என்ன செய்வது என்று கேட்டேன். மோட்டார் கணக்கில் வராது, சுவருக்குச் சுவர்தான் கணக்கு என்றார் கொத்தனார். சாஸ்திரத்தின் கண்ணுக்கு மோட்டார் தெரியாமல் இருக்கலாம். மூன்று பெரிய மனிதர்கள் கண்ணுக்கும் அது எப்படித் தெரியாமல் போனது என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கார் உள்ளே போவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். உள்ளே போன கார்க் கதவைத் திறந்து ஆள் வெளியே வர வேண்டுமே என்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை நடந்தது. அவர் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி விசாரித்தார். சிமென்ட் கலவையில் மணல் கூடிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, சித்தாளிடம் குறுக்கு விசாரணை நடத்தினார். பூச்சு வேலை முடிந்து அளந்தால் உள்ளகலம் எட்டடிக்கு ஒரு நூல் குறைகிறது என்று கண்டுபிடித்து, பூசியதைச் சுரண்ட வைத்தார். கொத்தனார் சுரண்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். அது மனையடியில் வருகிற வார்த்தை இல்லை.

நானோ காலையில் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். தெருவில் தூசி படிந்து நிற்கும் என் காரைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் அறையில், "கார் வாங்குனீங்களே டீச்சர், எங்கே?" என்று கேட்காத ஆள் இல்லை. "அதுக்கு வீடு கட்டிட்டு இருக்கோம்" என்றால் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அடுத்தவர் டிபன் கேரியர் முழங்காலில் இடிக்க நின்று வருகிறவளுடைய வயிற்றெரிச்சல் லேசானதில்லை.

ஒருவழியாக ஷெட் முடிந்தது. திறப்பு விழாவுக்குச் சேத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் என் நாத்தனார் வந்து இறங்கினார். கையில் பால் பானை.

"காருக்குப் பால் காய்ச்சுவாங்களா மதினி?" என்று கேட்டேன்.

"சுவரு வச்சுக் கட்டுனா பால் காய்ச்சணும்ட்டி. வாயாடாத."

ஷெட்டுக்குள் மூன்று செங்கல் வைத்துப் பால் காய்ச்சினோம். பொங்கியது. சொந்தக்காரர்கள் குலவையிட்டார்கள். அடுத்தது, நல்ல நேரத்துக்குள் காரை உள்ளே ஏற்ற வேண்டும். நான் பட்டுச்சேலையும் கையில் சாவியுமாகத் தயாராக நின்றேன்.

"மொத தடவ ஆம்பள ஏத்தட்டும்" என்றார் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். தெருவே கூடி நிற்கிறது. என்ன செய்ய? கொடுத்தேன். போனால் போகட்டும் என்று விடுகிற சாவி அல்ல அது. இன்றைக்கு அவர் ஏற்றினால் நாளைக்கும் அவர்தான், அடுத்த வருஷமும் அவர்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுங்கியது. கார் உள்ளே போனது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் ஓட்டினார். இடப்பக்கம் மோட்டாரை உரசாமல், வலப்பக்கம் புதுச்சுவரைத் தொடாமல் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். எஞ்சின் நின்றது. கதவு திறந்தது.

'டொக்' என்று ஒரு சத்தம். கதவு சுவரில் முட்டி நின்றது. மூடி மறுபடி திறந்தார். மறுபடியும் 'டொக்'. பிறகு ஒரு கால் வெளியே வந்தது. தோள் வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டிய வயிறு வர மறுத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எல்லாம் நின்றுபோனாலும், வயிற்றுக்கு மட்டும் ஆண்டுதோறும் இன்கிரிமென்ட் உண்டு. கால் உள்ளே போனது. அந்தப் பக்கக் கதவில் முயற்சி செய்தார். அங்கே மோட்டார். வெளியே நின்ற எங்களுக்குக் கார் குலுங்குவது மட்டும்தான் தெரிந்தது.

கொத்தனார் அந்தச் சுவரை, யாரோ கட்டியதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, ரிவர்ஸ் எடுத்துருங்க" என்று குரல் கொடுத்தார். பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது.

"ஏலே, நிப்பாட்டு!" என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கா பறந்துவிட்டது. "நல்ல நேரத்துல ஏறுன வண்டி, நல்ல நேரம் முடியுமுன்ன பின்னால வரப்பிடாது. குடும்பத்துக்கு ஆகாது."

மாவட்டத்தில் எத்தனையோ பேரை உட்கார், எழுந்திரு என்றவர். ஆனால் அக்கா பேச்சை மீறிய வழக்கம் அவருக்கு இல்லை. வெள்ளை விளக்கு அணைந்தது. நல்ல நேரமோ இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

சொந்தக்காரர்கள் மாமரத்தடியில் கேசரியும் வடையும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் ஒரு தம்ளர் பாலும் இரண்டு வடையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்தேன். பஸ்ஸில் படிக்கட்டிலிருந்து லேடீஸ் சீட்டுவரை போய்ப் பழகியவளுக்கு அது ராஜபாட்டை. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கோட்டை கட்டியவர்கள் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைகளை எத்தனையோ வருஷமாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சிரிக்காத."

"சிரிக்கலைங்க" என்று சிரித்துக்கொண்டே தம்ளரை நீட்டினேன். லாக்கப்பில் இருப்பவருக்குச் சாப்பாடு கொடுக்க வந்த வீட்டு ஆள்போல அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. "சாவிய என்கிட்டயே விட்டிருக்கலாம்ல? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனைக்கியளா?"

அவர் பாலைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"உனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? எனக்கு அந்த ரோட்டத் தெரியும்ட்டி. எத்தன ஆக்சிடெண்ட் கேஸு பாத்திருக்கேன். ஒவ்வொரு வளைவுலயும் யாரு கெடந்தா, எப்படிக் கெடந்தான்னு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. நீ பஸ்ஸுல போனா எனக்கு ஒண்ணும் தோணாது. நீ தனியா ஓட்டிட்டுப் போனா, இங்க உக்காந்து நான் என்ன செய்வேன், சொல்லு."

ஷெட், மயில், குரங்கு, பாம்பு, எட்டடி எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதரை மனதுக்குள் எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அதற்காகச் சாவியை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றேன். "பயந்துகிட்டேதான் ஓட்டுவேன். பயந்தவ மெதுவாத்தான போவா?"

"மெதுவாப் போனா பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்."

"அடிக்கட்டும். முப்பது வருசமா எட்டாங் கிளாஸ் பிள்ளைக போடுத சத்தத்தையே கேட்டுட்டேன்."

அவர் பாலை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வடையில் ஒன்றைப் பிட்டு என்னிடம் நீட்டினார்.

நல்ல நேரம் முடிந்தது. கார் பின்னால் வந்தது. திறந்த வெளியில் கதவை முழுசாகத் திறந்து அவர் இறங்கியபோது, முதல் தடவையைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். அவர் ஷெட்டைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சாவியை நீட்டினார்.

"நீ ஏத்து."

"அவளா?" என்றார் நாத்தனார்.

"அவளாலதான்க்கா வெளிய வர முடியும்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. அவர் பின்னால் நின்று, "லெஃப்டு ஒடி, போதும், நேரா வா, நேரா வா" என்று கத்திக்கொண்டே இருந்தார். இரண்டு முறை வெளியே எடுத்து மூன்றாவது முறை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு 'டொக்' என்று முட்டியது. மூச்சை இழுத்துப் பிடித்து, கொசுவத்தை ஒரு கையால் அள்ளிக்கொண்டு, நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல வெளியே வந்தேன். ஒட்டடைக் கம்பு என்று சொன்ன நாத்தனார் வாயிலிருந்தே, "எப்படி வந்துட்டா பாருங்க" என்று வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கே ஷெட் கட்டியது தகும்.

கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மரத்த மட்டும் எடுத்துட்டா பத்தடி ஆக்கிரலாம்யா."

என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்க்கவே இல்லை. "வேண்டாம்ப்பா. எட்டு நல்ல அளவுதான்" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதல் வாரம் முழுக்க, என் பின்னால் கொஞ்ச தூரம் விட்டு, ஹெல்மெட்டைக் கண்வரை இறக்கிக்கொண்டு ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகும். ஓரமாக நிறுத்தினால் அது புளியமரத்துக்குப் பின்னால் ஒளியும். இத்தனை வருஷம் மப்டியில் போய் இவர் எப்படித் திருடனைப் பிடித்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வயிற்றை எந்தப் புளியமரமும் மறைக்கவில்லை. அடுத்த வாரம் பைக் பாதி வழியில் திரும்பியது. பிறகு தெரு முனையோடு நின்றது. இப்போது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தால் போதும்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சமீபத்தில் அவர் காலையில் நடக்கப் போக ஆரம்பித்தார். மலைப்பக்கம் வெகுதூரம் போய் வருகிறார். இட்லியை எண்ணிச் சாப்பிடுகிறார். உடம்புக்கு நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்தேன். ஒரு நாள் காலையில் ஷெட் பக்கம் போனால், காருக்கும் சுவருக்கும் நடுவில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நிற்கிறார். பாதி தூரம் வந்தும் விட்டார்.

"என்னங்க செய்யுதிய?"

"எலி ஒண்ணு போச்சு. பாத்தேன்."

அவரால் அந்தக் கதவு வழியாக வெளியே வர முடிந்துவிட்டால் சாவி யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? அன்று மாலையே பள்ளி விட்டதும் காரைக் கடை வாசலில் நிறுத்தி, சுடச்சுடப் பால்கோவா வாங்கினேன். பஸ்ஸில் போய் வந்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தீபாவளி பொங்கலுக்கு வாங்கி வந்தால் பெரிது. இப்போது வாரம் தவறுவதில்லை. நான் ஒரு வாய்க்கு மேல் தொடுவதில்லை. எனக்கு என் கதவு முக்கியம். நல்லவேளையாக அவருக்குச் சர்க்கரை கிடையாது. தம்பியை நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று நாத்தனாரே போனில் பாராட்டினார். அன்பில்தான் வாங்குகிறேன். அன்பு மட்டுமே என்று சத்தியம் செய்யச் சொன்னால் கஷ்டம்.

போன வாரமும் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டேஷனில் எதிரில் உட்கார்ந்திருப்பவரை அப்படித்தான் பார்ப்பாராக இருக்கும்.

"ஏட்டி, இத்தன வருசம் போலீஸ் வேலை பாத்தவன் நான். வாரா வாரம் இத நீ எதுக்கு வாங்கிட்டு வாரன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க?"

அவர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"நாளைக்கு ஸ்கூல் விட்டுக் கெளம்பும்போது ஒரு போனைப் போடு. ஷட்டரத் தூக்கி வைக்கேன்" என்றார். பிறகு காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்.